இரண்டாவது பழத்தின் கணக்கு

மயிலாப்பூரில் 1872-இல் தொடங்கிய இந்து பெர்மனென்ட் ஃபண்ட் என்ற நிதி நிறுவனத்தில் தலைமுறைகளாகச் சேமித்த குடும்பங்கள் உண்டு. முதிர்ந்த வைப்புத்தொகை கைக்கு வரவில்லை என்று புகார்கள் குவிந்தன. 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். இப்படிப்பட்ட வேளையில் பெரியவர்களை முதலில் வாட்டுவது, வீட்டில் எப்படிச் சொல்வது என்ற தவிப்புதான்.

நம் வீடுகளில் பணத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அப்பாவின் பாஸ்புக் பீரோவுக்குள் இருக்கும், மகனின் கடன் அவன் செல்போனுக்குள் இருக்கும். ஆனால் கவுண்டமணி-செந்தில் நகைச்சுவையைப் பற்றி மூன்று தலைமுறையும் சேர்ந்தே பேசும். அந்தப் பேச்சைப் பணத்தின் பக்கம் திருப்பினால் என்ன?

‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காட்சியை எடுத்துக்கொள்வோம். கவுண்டமணி ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம் வாங்கச் சொன்னால், செந்திலிடமிருந்து ஒன்றுதான் வந்து சேர்கிறது. இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையில் உள்ள அதே பழம் மறுபடி பதிலாகிறது. புதிதாகப் பணம் போட்டவரின் காசையே பழையவருக்கு வட்டியாகக் கொடுக்கும் மோசடியும் இதுதான். தின்றது தின்றது போக, மிச்சமிருப்பதையே வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள்.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) செல்லப்பா, படமெடுக்கப் பணம் வேண்டி அப்பாவை நச்சரிக்கிறான். செல்லப்பாவாக வரும் நாகேஷ் கதை சொல்லச் சொல்ல, அப்பாவாக வரும் பாலையா நடுங்குகிறார். கதை ஜோராக இருக்கிறது, வரவு செலவுத் திட்டம்தான் இல்லை. ‘பாமா விஜயம்’ (1967) பக்கத்து வீட்டு நடிகைக்கு முன்னால் கௌரவம் காட்டப்போய்க் கடனில் விழும் குடும்பத்தின் கதை. இன்றைய மாதத் தவணைக்கும் அதே பாடம்தான். ‘சதுரங்க வேட்டை’ (2014), ஏமாற்றுக்காரன் முதலில் நம் ஆசையைத்தான் பிடிக்கிறான் என்று காட்டுகிறது.

சிரிப்பு கதவைத் திறக்கும். உள்ளே வைக்க வேண்டியது தகவல். வங்கியில் போட்ட பணத்துக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து ரூ.5 லட்சம் வரைதான் காப்பீடு. நிதி நிறுவனங்களில் போட்ட பணத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. இணையவழியில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். காட்சி முடிந்த சூட்டோடு இவற்றைச் சொன்னால் மனதில் நிற்கும்.

இது யார் வேலை? நம் எல்லோருடையதும்தான். ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் நிதிக் கல்வி வாரம் நடத்துகிறது. அந்த வாரத்தில் தி.நகர், அடையாறு வங்கிக் கிளைகள் சுவரொட்டியோடு நின்றுவிடாமல், உரிய அனுமதியோடு இத்தகைய காட்சிகளைத் திரையிட்டுப் பேசலாம். நாரத கான சபாவிலும் வாணி மஹாலிலும் நாடகம் பார்க்க வருபவர்களில் ஓய்வூதியக்காரர்கள் ஏராளம். நாடகக் குழுக்கள் அவர்களுக்காகப் பத்து நிமிடக் குறுநாடகம் ஒன்று எழுதலாம். நகைச்சுவைச் சேனல்கள் இரண்டு காட்சிகளுக்கு நடுவே அரை நிமிடம் ஒதுக்கலாம். கணக்கு ஆசிரியர்கள் வட்டிக் கணக்கைச் செல்லப்பாவிடமிருந்து தொடங்கலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. நாம் சிரிப்பது தந்திரத்தைப் பார்த்து. ஏமாந்தவரைப் பார்த்து அல்ல. ஏமாந்தவரை எள்ளினால் அடுத்தவர் வாயை மூடிக்கொள்வார், மோசடிக்காரருக்கு அதுதான் வேண்டும். இந்தக் கல்வியைச் சாக்காக வைத்து அரசும் ஒதுங்கிவிடக் கூடாது. வைப்புதாரர் நலனுக்கென்று தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதன் பலன் உரியவர் கைக்கு விரைந்து வந்தாக வேண்டும்.

வீட்டுப் பங்கு இன்றிரவே தொடங்கலாம். வாழைப்பழக் காட்சி முடிந்து எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் மகள் கேட்கட்டும்: “அப்பா, உங்களோட இன்னொரு பழம் எந்த ஃபண்டுல இருக்கு?”