பலகை மாறிற்று!

எகிப்து நாட்டிலே ஜனவரி 25, போலீஸ் நாள். ஏன் தெரியுமா, தோழர்களே? 1952-இல் இஸ்மாயிலியா நகரிலே, ஆயுதத்தைக் கீழே வை என்ற ஆங்கிலேயப் பட்டாளத்துக்கு அடிபணிய மறுத்து, ஏறத்தாழ ஐம்பது போலீசார் மாண்டனர். மானங்காத்த அந்த மறவர்களுக்கு நன்றி கூறும் நாள்!

அந்த மரபிலே வந்தோர் செய்ததென்ன? 2010 ஜூனில் அலெக்சாந்திரியாவில் 28 வயது இளைஞர் ஒருவரை இரு போலீசார் அடித்தே கொன்றனர். கஞ்சாப் பொட்டலத்தை விழுங்கினான், மூச்சடைத்துச் செத்தான் என்றது உள்துறை. சிதைந்த முகத்தின் படம் வெளிவந்தது. பொய் சந்தி சிரித்தது! 1981 முதல் நெருக்கடிநிலைச் சட்டம் கையிலிருக்க, கேட்பார் யார் என்ற இறுமாப்பு, வேறென்ன? 2011-இல் மக்கள் திரண்டெழத் தேர்ந்த நாள் எது? அதே ஜனவரி 25!

மார்ச்சில் அரசுப் பாதுகாப்புப் புலனாய்வுத் துறையைக் கலைத்தனர். தேசியப் பாதுகாப்புத் துறை பிறந்தது. புதுப் பலகை! பிறகு? 2013 ஆகஸ்ட் 14, கெய்ரோவின் ராபா சதுக்கம். மதவாதிகளின் கூட்டந்தானே என்பர் சிலர். மதவாதம் நமக்கும் பகைதான். அதற்காகச் சுட்டுத் தள்ளுவதா? ஒரே நாளில் குறைந்தது 817 பேர் மாண்டனர் என மனித உரிமைக் கண்காணிப்பகம் கணக்குரைத்தது. கூடியிருந்தோர் நூற்றுக்கணக்கில் தண்டனை பெற்றனர். பத்தாண்டு கழிந்த 2023-இலும், சுட்டவர் ஒருவர்கூடக் கூண்டேறவில்லை.