தன்னடக்கம் தனியுடைமை அன்று

ஆண்டுதோறும் ஜூன் 26-ஆம் நாள் போதைப்பொருள் ஒழிப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 1987-இல் எடுத்த முடிவு அது. அன்று நம் பள்ளி வளாகங்களில் மாணவர்கள் வரிசையாக நின்று, வலக்கையை நீட்டி உறுதிமொழி ஏற்கின்றனர். அடுத்த ஞாயிறு மறையுரையில் ஓரிரு நிமிடங்கள் அதற்கென ஒதுக்கப்படுகின்றன. 'இளைஞர்களே, மனத்தை அடக்குங்கள்' என்ற அறிவுரையோடு அந்த ஆண்டுக்கான கடமை நிறைவெய்துகிறது. பதாகை சுருட்டி வைக்கப்படுகிறது. பள்ளிக்குப் பின்னுள்ள சந்தில் கஞ்சாப் பொட்டலம் மட்டும் வழக்கம்போல் கைமாறிக்கொண்டிருக்கிறது.

உறுதிமொழி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மனவுறுதி என்ற ஒன்றை ஒவ்வோர் இளைஞனும் தன் சட்டைப்பையில் ஆயத்தமாக வைத்திருப்பதாகவும், வேண்டும்போது அதை அவன் வெளியே எடுத்தால் போதும் என்றும் ஓர் எண்ணம் நம் சமூகத்தில் ஊறிக் கிடக்கிறதே, அந்த எண்ணத்தையே இங்கு எதிர்க்க விரும்புகிறோம்.

கஞ்சாவைப் பற்றி இன்று இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. ஒன்று, படித்த இளையோர் நடுவே கேட்பது. 'கஞ்சா ஒரு மூலிகை; மதுவைவிடத் தீங்கு குறைந்தது; தன்னைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவனுக்கு அதனால் கேடில்லை' என்பது அதன் வாதம். மற்றொன்று, பெரியவர்கள் நடுவே கேட்பது. 'மனம் வைத்தால் ஒரே நாளில் விட்டுவிடலாம். விடாதவன் விட விரும்பாதவன். அவனை வெளியே தள்ளுங்கள்' என்பது அதன் தீர்ப்பு. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. தன்னடக்கம் தனி மனிதனின் தனியுடைமை, போதைக்கு முன்னும் பின்னும் அது அவனிடம் ஒரே அளவில் இருக்கும் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. அந்த அடிப்படையே பிழை என்பது நம் வாதம்.

முதற்குரலை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. ஆங்கிலேய அரசு 1893-இல் அமைத்த கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை விசாரித்து, 1894-இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை அளித்தது. அளவோடு பயன்படுத்துவோர்க்குப் பெருந்தீங்கு இல்லை, அளவு கடந்தால் கேடு என்பதே அதன் முடிவு. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. இந்தியாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. சித்த மருத்துவத்தில் கஞ்சா இலை சுத்தி செய்யப்பட்டு மருந்தில் சேர்வதுண்டு. கஞ்சாச் செடியிலிருந்து கிடைக்கும் கன்னாபிடியால் என்னும் பொருள், குழந்தைகளைத் தாக்கும் அரிய வகை வலிப்பு நோய்களுக்கு மருந்தாக 2018-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. இவற்றையெல்லாம் மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஒருமுறை புகைத்தவன் பித்தனாவான் என்று மேடையில் முழங்கினால், புகைத்தும் பித்தனாகாத நண்பனைக் கண்ட மாணவன் நாம் சொல்லும் மெய்யையும் நம்ப மாட்டான்.

ஆயினும், 'அளவு' என்ற அந்த ஒரு சொல்லில்தான் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. மருந்தின் அளவை வகுப்பவர் மருத்துவர், உண்பவர் நோயாளி. பொட்டலத்தின் அளவை வகுப்பவன் யார்? புகைப்பவனே. எந்த அறிவைக் கொண்டு வகுக்கிறான்? புகை சென்று தாக்கும் அதே அறிவைக் கொண்டு.

கஞ்சாவில் மயக்கம் தரும் டி.எச்.சி. என்னும் பொருளை இஸ்ரயேல் அறிவியலார் ரபேல் மெக்கூலமும் எகியேல் கவோனியும் 1964-இல் இனங்கண்டனர். மூளை தானாகவே உண்டாக்கும் ஒத்த பொருள் ஒன்றை மெக்கூலமின் குழுவினர் 1992-இல் கண்டறிந்தபோது, 'ஆனந்தம்' என்னும் வடசொல்லைக் கொண்டே அதற்கு ஆனந்தமைடு எனப் பெயரிட்டனர். படைத்தவர் அளவறிந்து வைத்த ஆனந்தம் சிறு துளியாகத் தோன்றி விரைவில் மறைகிறது. அது பொருந்தும் இடங்களில் டி.எச்.சி. வந்து அமர்ந்துகொண்டு எளிதில் எழ மறுக்கிறது. நினைவைக் காக்கும் பகுதியிலும், நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையிலும் அத்தகைய இடங்கள் மிகுதி. திட்டமிடுவதும், விளைவை எண்ணிப் பார்ப்பதும், 'போதும்' என்று நிறுத்துவதும் இந்த முன்மூளையின் வேலை. அது முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 25 வயது ஆகிறது. பதினாறு வயதில் தன் கட்டுப்பாட்டைப் பற்றிப் பெருமை பேசுபவன், இன்னும் கட்டி முடியாத மதிலை நம்பிப் பகைவனை உள்ளே அழைக்கிறான். காவற்காரனுக்கே மயக்கம் கொடுத்துவிட்டு வீடு பத்திரமாக இருக்கும் என்பது எவ்வகை அறிவு?

கஞ்சாவைப் பயன்படுத்துவோர் நூறு பேரில் ஏறத்தாழ 9 பேர் அதற்கு அடிமையாகின்றனர் என்பதும், பதின்வயதில் தொடங்கியோரில் ஆறு பேருக்கு ஒருவர் அவ்வாறு ஆகின்றனர் என்பதும் ஆய்வாளர் மதிப்பீடு. 'மற்றவர்கள் தப்பிவிடுகிறார்களே' என்பர். உண்மையே. ஆனால், தான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதை முதல் புகையின்போது எவன் அறிவான்? 'என்னால் நிறுத்த முடியும்' என்ற நம்பிக்கையோடு தொடங்கியவர்களே பிற்பாடு நிறுத்த முடியாதவர்களும். அந்த நம்பிக்கை தப்புவோரையும் சிக்குவோரையும் பிரித்துக் காட்டும் அடையாளம் அன்று.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கஞ்சா தன்னடக்கத்தைக் குலைக்கிறதா, அன்றித் தன்னடக்கம் குன்றியவர்களே கஞ்சாவை நாடுகின்றனரா? நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972–73-இல் பிறந்த 1,037 குழந்தைகளின் வாழ்வை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். மூன்று வயது முதல் பதினொரு வயது வரை தன்னடக்கம் குறைந்திருந்த குழந்தைகள், 32 வயதில் உடல்நலத்திலும் பணநிலையிலும் பின்தங்கி, போதைப் பழக்கத்திற்கும் குற்ற வழக்குகளுக்கும் மிகுதியாக ஆளாகியிருந்தனர் என 2011-இல் அவர்கள் எழுதினர். பதின்வயதில் தொடங்கி நெடுங்காலம் கஞ்சாவில் நிலைத்தவர்களின் அறிவுத்திறன் அளவீடு 38 வயதுக்குள் ஏறத்தாழ 8 புள்ளிகள் குறைந்தது என 2012-இல் எழுதினர். இந்தப் பின்னைய முடிவை, இரட்டையரை ஒப்பிட்டு 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு ஐயுற்றது. குறைவுக்குக் குடும்பச் சூழலே காரணமாகலாம் என்றது. ஆகவே, பழி முழுவதையும் கஞ்சாவின்மேல் சுமத்தவும் இயலாது. முழுவதையும் சிறுவனின்மேல் சுமத்தவும் இயலாது. குன்றிய தன்னடக்கம் புகைக்கு வழிவிடுகிறது. மயக்கம், எஞ்சியிருப்பதையும் தளர்த்துகிறது. இந்தச் சுழலில் சிக்கியவனைப் பார்த்து, 'உன்னையே பிடித்து நீயே கரையேறு' என்கிறது இரண்டாம் குரல்.

அக்குரலுக்கு இனி வருவோம். அது பெரும்பாலும் பக்தியின் பெயரால் பேசுகிறது. ஆனால், நம் மறையின் பெரியோர் அப்படிப் பேசியதில்லை. விரும்பும் நன்மையைச் செய்ய இயலாமல் விரும்பாத தீமையையே செய்யும் அவலத்தைத் திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமடலின் ஏழாம் பிரிவில் தன்மேல் வைத்தே பேசுகிறார். புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் எட்டாம் பகுதியில், ஆசைக்கு இணங்கினால் அது பழக்கமாவதையும், பழக்கத்தைத் தடுக்காவிடில் அது கட்டாயமாவதையும் ஒரு சங்கிலியாகக் காட்டுகிறார். தன் சங்கிலியைத் தானே அறுத்தேன் என அவர் எங்கும் மார்தட்டவில்லை. தாயின் கண்ணீரும், நண்பர் அலிப்பியுவின் துணையும், ஆயர் அம்புரோசின் போதனையும், எல்லாவற்றுக்கும் மேலாக இறையருளும் அவரைச் சூழ்ந்திருந்தன.

அறிவியலும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் 1960-களின் பிற்பகுதியில் வால்டர் மிஷல் என்ற உளவியலார் குழந்தைகள் முன் இனிப்பை வைத்து, காத்திருந்தால் இன்னொன்று தருவதாகக் கூறிச் சோதித்தார். வென்ற குழந்தைகள் இனிப்பை உற்றுப் பார்த்தபடி பற்களைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் அல்லர். முகத்தைத் திருப்பிக்கொண்டனர், கண்களை மூடினர், தமக்குள் பாடினர். பாவத்தை மட்டுமன்று, பாவத்திற்கு ஏதுவான சந்தர்ப்பங்களையும் விலக்குவதாக மனத்துயர் செபத்தில் சிறு வயது முதல் சொல்லி வருகிறோமே, அதன் பொருளும் இதுதான். 2018-இல் இச்சோதனையை மேலும் பல குழந்தைகளிடம் ஆராய்ந்தவர்கள், காத்திருக்கும் திறனுக்கும் பிற்கால முன்னேற்றத்துக்கும் உள்ள தொடர்பு, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்தால் பெரிதும் சுருங்குவதைக் கண்டனர். நாளை உணவு கிடைக்குமென்ற உறுதி இல்லாத வீட்டில் வளர்ந்த குழந்தைக்குக் காத்திருப்பது எளிதா? தன்னடக்கத்திற்கும் ஒரு வீடு வேண்டும்.

அயர்லாந்தின் மாட் டால்பட் என்ற தொழிலாளியின் கதையும் இதற்குச் சான்று. சிறு வயது முதல் மதுவில் மூழ்கியிருந்த அவர், 1884-இல் தம் 28-ஆம் வயதில் குடிப்பதில்லை என உறுதிமொழி எடுத்தார். முதலில் மூன்று மாதங்களுக்கு மட்டும் எடுத்து, பின்னர் நீட்டித்து, இறுதியில் வாழ்நாள் முழுவதற்கும் ஏற்றார். மதுக்கடையைக் கடக்கும்போது தடுமாறாதிருக்கப் பையில் பணம் வைத்துக்கொள்ளாமல் நடந்தார். நாள்தோறும் திருப்பலிக்குச் சென்றார். 1925-இல் இறக்கும்வரை குடிக்கவில்லை. திருச்சபை 1975-இல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. தம் மனவுறுதியை நம்பாததே அவர் மனவுறுதியின் இரகசியம்.

நம் நடைமுறையோ இதற்கு நேர்மாறானது. மாணவனின் பையில் பொட்டலம் கிடைத்தால் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும் பள்ளிகள் உண்டு. நாளின் பாதிநேரம் அவனைக் காத்துவந்த ஒரே ஒழுங்கை அவனிடமிருந்து பிடுங்கிவிட்டு, ஒழுங்காக இரு என்று கூறுவது எத்தகைய நீதி? கஞ்சாவை விடும் முதல் வாரத்தில் உறக்கமின்மையும் எரிச்சலும் பசியின்மையும் வரும் என்பது மருத்துவம் ஏற்ற உண்மை. அதை அறியாத வீட்டார், 'விட்டபிறகும் திமிர் அடங்கவில்லை' என்று அடிக்கின்றனர். அவன் மீண்டும் சந்துக்கே செல்கிறான். சட்டத்திற்குக்கூட இதில் நம்மைவிட இரக்கம் மிகுதி. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சா பயன்படுத்துவோர்க்கு ஆறு மாதம் வரை சிறை வகுத்துள்ளது. ஆயினும், அடிமையானவர் தாமாக முன்வந்து ஏற்பு பெற்ற நிலையத்தில் சிகிச்சையை நிறைவு செய்தால் வழக்கிலிருந்து விடுபட 64-அ பிரிவு வழி தருகிறது. நம் பங்குகளில் எத்தனை குடும்பங்கள் இதை அறியும்?

'அரசே மது விற்கும்போது கஞ்சாவை மட்டும் குறை சொல்வதேன்?' என்ற கேள்வியையும் நாம் தட்டிக்கழிக்க முடியாது. 2019-இல் நடுவண் சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்ட இந்தியரில் மது அருந்துவோர் 16 கோடி. பாங்கு உட்படக் கஞ்சா வகைகளைப் பயன்படுத்தியோர் 3.1 கோடி. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை வணிகம் அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கேள்வி நியாயமானது, ஆனால், அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. ஒரு கிணற்றில் நஞ்சு கலந்திருப்பது இரண்டாம் கிணற்றிலும் கலக்க உரிமை தராது. அதே வேளையில், திருமண விருந்திலும் திருவிழா இரவிலும் தந்தையர் மறைவில் மது ஊற்றிக் கொடுக்கும் வீட்டில் மகனுக்குச் சொல்லும் தன்னடக்கப் போதனை எடுபடாது. பிள்ளைகள் நம் சொற்களைக் கேட்பதில்லை. நம் கைகளைப் பார்க்கிறார்கள்.

கலாத்தியருக்கு எழுதிய திருமடலில் பவுல் தூய ஆவியின் கனிகளை எண்ணி, தன்னடக்கத்தை இறுதியில் வைக்கிறார். கனி வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்கு மரம் வேண்டும். மரத்திற்கு மண்ணும் நீரும் வேலியும் வேண்டும். அந்த மண் குடும்பம். வேலி பங்குச் சமூகம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜூனில் உரோமையில் பேசியபோது, மென்போதைப் பொருள்களைச் சட்டபூர்வமாக்குவதையும் எதிர்த்தார். அத்தோடு நில்லாமல், போதைக்கு 'இல்லை' என்று சொல்ல வேண்டுமானால் வாழ்வுக்கும் கல்விக்கும் விளையாட்டுக்கும் வேலைக்கும் 'ஆம்' என்று சொல்ல வேண்டும் என்றார். முன்பாதியை நாம் நன்றாகவே முழங்குகிறோம். பின்பாதிக்குச் செலவு உண்டு, ஆகவே மறந்துவிடுகிறோம்.

எனவே நாம் கேட்பவை சில. மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படும் பங்கு மன்றக் கதவு இளையோர்க்காக ஒன்பது மணிவரை திறந்திருக்கட்டும். அன்பியக் கூட்டங்களில் போதையில் சிக்கிய பிள்ளையின் தாய் வெட்கமின்றி வாய் திறக்க இடம் கிடைக்கட்டும். அங்கே கேட்டது வெளியே கசியாதிருக்கட்டும். நம் பள்ளிகள் சிக்கிய மாணவனை நீக்குவதற்கு முன் சிகிச்சைக்கு அனுப்பட்டும். மீண்டு வந்தவனுக்கு அவன் இருக்கை காத்திருக்கட்டும். 14446 என்ற கட்டணமில்லா உதவி எண் ஆலய அறிவிப்புப் பலகையில் ஆண்டு முழுவதும் இருக்கட்டும். பொட்டலத்தை விற்பவனைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். வாங்கும் சிறுவனை நாம் பார்த்துக்கொள்வோம்.

அடுத்த ஜூன் 26 அன்றும் மாணவர்கள் கை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள்; எடுக்கட்டும். அன்று அவர்கள் எதிரே பெற்றோரும் ஆசிரியரும் பங்கு மக்களும் நின்று, 'நீ தடுமாறினால் உன்னைக் கைவிட மாட்டோம்' என்று தாங்களும் உறுதிமொழி எடுக்கட்டும்.