தேய்வது எது?

நாட்டு மருந்துக் கடையில் மின்கலத்தின் பாதி வரலாற்றைப் பொட்டலம் கட்டி வாங்கிவிடலாம். மயில்துத்தம் அங்கே கிடைக்கும். 1836இல் டேனியல் செய்த கலத்துக்கு அதுதான் கரைசல். நவச்சாரம் கிடைக்கும், ஈயம் பூசுகிறவர்கள் தேடி வரும் அந்த உப்பை வைத்துத்தான் பிரெஞ்சுக்காரர் லெக்லான்ஷே 1866இல் தன் கலத்தை அமைத்தார். டார்ச்சில் போடுகிற பேட்டரிக் கட்டை அந்த வம்சத்தில் வந்தது. திருஷ்டிக்காக வாசலில் கட்டும் படிகாரமும் அதே கடையில்தான். சில மாதங்களாக என் மேசையில் கிடப்பது பெரும்பாலும் படிகாரம்.

வீட்டில் செய்யும் படிகக் கலங்களைப் பற்றி ஏராளமான வீடியோக்கள் உலவுகின்றன. உப்பை உருக்கிச் செம்புக் குழாயில் ஊற்றி, நடுவில் மக்னீசியத் துண்டைச் செருகினால் போதும், சார்ஜ் போடாமலே ஆண்டுக்கணக்கில் மின்சாரம் வரும், படிகம் சுற்றுவெளியிலிருந்து சக்தியை இழுத்துக்கொள்கிறது என்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் ஒன்றைக் காட்டி, “மாமா, இது நிஜமா?” என்று கேட்டான். “செஞ்சு பார்த்துடலாம்டா” என்றேன்.

செலவு அதிகமில்லை. ஏசி மெக்கானிக்கிடம் வெட்டுத் துண்டாகச் செம்புக் குழாய் கிடைத்தது. கீசர் தொட்டி அரிக்காமல் இருக்க உள்ளே ஒரு மக்னீசியத் தண்டு போட்டிருப்பார்கள்; பிளம்பர் கழற்றிப்போட்ட பழைய தண்டில் இன்னும் நிறைய உலோகம் மிச்சமிருந்தது. படிகாரத்தை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் இளந்தீயில் வைத்தால் 92 டிகிரிக்கு அருகே தானாகவே இளகி ஓடும். அதன் ஒவ்வொரு மூலக்கூறு அலகும் 12 நீர் மூலக்கூறுகளைச் சுமந்துகொண்டிருப்பதால், தன் தண்ணீரிலேயே அது கரைகிறது. ஆறியதும் கல்கண்டு போல இறுகிவிடும். சமைக்கிற பாத்திரத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

மல்டிமீட்டரில் ஒன்றரை வோல்ட்டை ஒட்டி வந்தது. “கடைல வாங்குற பேட்டரி அளவுக்கே வருது மாமா!” என்று துள்ளினான். வீடியோக்களில் பெரும்பாலானவை இந்த இடத்தோடு முடிந்துவிடுகின்றன. மீட்டரின் உள்தடை சுமார் 1 கோடி ஓம். கலத்திடமிருந்து அது எடுத்துக்கொள்வது அனேகமாக ஒன்றுமே இல்லை. ஒரு 1,000 ஓம் தடையைக் குறுக்கே இணைத்ததும் எண் பாதிக்குக் கீழே சரிந்தது. சரியாகப் பாதிக்கு வந்தாலே கலத்தின் உள்தடையும் 1,000 ஓம் என்று பொருள். அப்படிப்பட்ட கலத்திலிருந்து பெறக்கூடிய உச்சத் திறன் அரை மில்லிவாட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இரண்டு கலங்களைத் தொடராக இணைத்தபோது ஒரு சிவப்பு எல்இடி மங்கலாக எரிந்தது. அதைப் பார்க்க விளக்கை அணைக்க வேண்டியிருந்தது.

சக்தி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வந்தோம். இரண்டு பக்கமும் செம்பையே வைத்துப் படிகாரம் ஊற்றினோம்: வோல்ட் ஏதும் இல்லை என்றே சொல்லலாம். மக்னீசியத்துக்குப் பதில் பழைய பேட்டரியின் துத்தநாக ஓட்டை வெட்டி வைத்தோம்: ஒரு வோல்ட் அளவுக்கு இறங்கியது. முதல் கலத்தின் உலோகங்களைத் தொடாமல் உப்பை மட்டும் மாற்றி, பேதியுப்பு ஊற்றினோம்: பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு அந்தப் பேதியுப்புக் கலத்தைச் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் மூடி வைத்தோம். ஈரம் போகப் போக மின்னோட்டம் வற்றியது. ஈரத்துணியைச் சுற்றியதும் மறுபடி ஏறியது. வருகிற மின்சாரம் அத்தனையும் மக்னீசியம் கரைவதால் வருவது. உப்புப் படிகமும் அதில் தங்கிய ஈரமும் அயனிகள் போய்வர வழி விடுகின்றன.

படிகத்தால் மின்னழுத்தம் தரவே முடியாது என்று சொல்லவில்லை. குவார்ட்ஸ், ரோச்செல் உப்பு போன்றவற்றை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றுவதை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டரின் பொறி இந்த வழியில் பிறப்பதுதான். ஆனால் அழுத்தம் மாறும் கணத்தில் மட்டுமே அது வரும். மேசையில் சும்மா கிடக்கும் கட்டியிலிருந்து வராது.

அப்படியானால், இத்தகைய கலத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடுவதாக வீடியோக்களில் காட்டும் கடிகாரம் பொய்யா? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கிராம் மக்னீசியம் முழுதும் கரைந்தால் கொள்கை அளவில் சுமார் 2,200 மில்லிஆம்பியர் மணி கிடைக்கும். 1 மில்லிஆம்பியர் வீதம் எடுத்தால் மூன்று மாதம். 10 மைக்ரோஆம்பியர் வீதம் எடுத்தால் 25 ஆண்டு! திரவப் படிகத் திரை கொண்ட சிறிய கடிகாரத்துக்குச் சில மைக்ரோஆம்பியரே போதும். ஆகவே அது நிற்காமல் ஓடுவதை விளக்க எந்த மர்மச் சக்தியும் தேவையில்லை, ஒரு பெருக்கல் கணக்கு போதும்.

ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் ஆய்வகத்தில் இப்போது இருக்கும், 1840இல் அமைத்த மின்மணி, சில சிறு இடைவெளிகள் தவிர, இன்றுவரை அடித்துக்கொண்டிருக்கிறது. கந்தகம் பூசி மூடிய அதன் உலர் மின்கல அடுக்குகளுக்குள் சரியாக என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்த்ததில்லை. அது எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஒரு நானோஆம்பியர் அளவு என்கிறார்கள். உள்ளே இருப்பது துத்தநாகம் என்று வைத்துக்கொண்டால், இத்தனை ஆண்டுகளில் ஒரு தகட்டில் செலவானது 2 மில்லிகிராம் அளவுதான். அக்கா மகன் கால்குலேட்டரில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு நம்பாமல் திரும்பப் போட்டான்.

காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் 1953 முதல் இயங்குகிற மாநிலம் இது. அதற்கு இடமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். இங்கே ஒரு பள்ளி மாணவனின் மின்கலச் சோதனை எலுமிச்சம்பழத்தில் கம்பி குத்துவதோடு முடிவது எனக்குப் பெரிய வருத்தம். ஒரு தடையும் ஒரு தராசும் சேர்த்துக் கொடுங்கள், ஆசிரியர்களே. பிள்ளைகள் மீதியைத் தாங்களே கேட்பார்கள்.

தராசு எதற்கு என்றால், படிகாரம் அமிலத் தன்மை உள்ளது. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மக்னீசியத்தை அது அரிக்கும். ஹைட்ரஜன் குமிழி விடும். அதனால் கலத்தை இறுக மூடக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பேதியுப்பில் இந்த வீண் அரிப்பு குறைவாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. நகைக்கடைத் தராசில் எடைபோட்ட இரண்டு தண்டுகளை, ஒன்றைப் படிகாரத்திலும் இன்னொன்றைப் பேதியுப்பிலும், எதையும் இணைக்காமல் வைத்திருக்கிறோம். பொங்கல் விடுமுறைக்கு அக்கா மகன் வரும்போது கழுவி, உலர்த்தி, மறுபடி எடைபோடப் போகிறோம்.