லீவர் சாகவில்லை, கிரீஸ்தான் செத்துவிட்டது

வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் படப்பை தாண்டி சேரப்பணஞ்சேரி, அடுத்தது ஒரகடம். இந்த ஏரியாவில் எந்த ஃபேக்டரிக்குள் அப்ரெண்டிஸாகப் போனாலும் முதல் வாரத்திலேயே காதில் விழும் வார்த்தை ‘ஜிஷு ஹோசன்’. ஜப்பான்காரன் சொல்லிக்கொடுத்தது. பெரிய தத்துவமெல்லாம் இல்லை. உன் மெஷினை நீயே துடை, நீயே எண்ணெய் விடு, நீயே கவனி. அவ்வளவுதான் மேட்டர்.

அதே ஆள் ஷிஃப்ட் முடிந்து, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரோடு பைக்கை எடுக்கிறார். கியர் லீவரைத் தள்ளினால் ‘டிக்’ சத்தமே இல்லை. தாழ்ப்பாள் போன கதவு மாதிரி சும்மா போய்ச் சும்மா வருகிறது. கடைக்குப் போனால், “போச்சு சார், புதுசு மாத்திடுங்க” என்கிறார்கள். அந்த லீவரும் ஜப்பான் கம்பெனியுடையதுதான் என்பதுதான் காமெடி.

பிரேக்கையும் கியரையும் ஒரே லீவரில் சேர்த்து ஷிமானோ 1990-ல் டியூரா-ஏஸில் கொண்டுவந்தது. உள்ளே பல் சக்கரம், அதைக் கவ்விப் பிடிக்கும் குட்டிக் கொக்கிகள், கொக்கியைத் தள்ள நூல் மாதிரி ஸ்ப்ரிங். ஃபேக்டரியில் வைத்த கிரீஸிலிருந்து வருஷக்கணக்கில் எண்ணெய் பிரிந்து போய்விடும். மிச்சம் மெழுகு மாதிரி ஒட்டும். அந்தப் பிசினை மீறிக் கொக்கியைத் தள்ள ஸ்ப்ரிங்குக்குத் தெம்பு இல்லை. எதுவும் உடையவில்லை, தேயவும் இல்லை. ஓடாமல் சும்மா நிற்கிற வண்டியிலும் இது வரும்.

முதலில் டிரெய்லரிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு லீவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். அப்போது ஒழுங்காக டிக் டிக் என்றால் குற்றவாளி கேபிளோ அவுட்டரோதான். லீவருக்குள் கேபிள் தலைப்பக்கம் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், ரப்பர் ஹூடை மடித்து, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபிள்யூடி-40-ஐ இடுக்குகளில் அடித்துக்கொண்டே லீவரைத் தட்ட வேண்டியதுதான். பத்து தடவை இல்லை, நூறு தடவை. பழுப்பாக அழுக்கு வழியும். துடைத்து, ஊறவிட்டு, மறுபடி. ரிம்மிலோ டிஸ்க்கிலோ படாமல் துணி சுற்றிக்கொள்வது முக்கியம். கியர் விழுந்து பிரேக் பிடிக்காமல் போனால் என்ன லாபம்? :-)

பாதிப் பேர் கோட்டை விடுவது இதற்கப்புறம்தான். டபிள்யூடி-40 என்ற பெயரிலேயே இருக்கிறது, அது தண்ணீரை விரட்டப் பிறந்த திரவம். பிசினோடு சேர்த்து மிச்சமிருந்த வழவழப்பையும் கழுவிவிடும். அதனால் காய்ந்தபின் தையல் மெஷின் எண்ணெய் மாதிரி மெல்லிய எண்ணெய் சில சொட்டு அவசியம். நல்ல மனசோடு கெட்டி கிரீஸ் அடைத்தால் அதே வியாதி திரும்பி வரும். ஷிமானோ லீவரை முழுசாகப் பிரிக்கும் ஆசையும் வேண்டாம். பிரிப்பது சுலபம், ஸ்ப்ரிங்கைத் திரும்ப மாட்டுவதற்குள் விடிந்துவிடும்.

கடைக்காரரைத் திருடன் என்று சொல்வது நியாயமில்லை. ஒரு மணி நேரம் லீவரைத் தட்டிக்கொண்டிருந்தால் அதற்குக் கூலி கொடுக்க இங்கே யாருக்கு மனசு வருகிறது? “சும்மா ஸ்ப்ரே அடிச்சதுக்கா?” என்பார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி மாட்டிக்கொண்டால் கெட்ட பெயர் வேறு. பார்ட்ஸ் விற்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

பில் கட்டுகிறவருக்கு அப்படி இல்லை. பழைய எட்டு ஸ்பீடு லீவர் கிடைக்கவில்லை என்று ஒன்பது ஸ்பீடு மாட்டினால், கேசட்டும் செயினும் கூடவே மாற வேண்டும். வண்டி வாங்கிய விலையில் பாதி அங்கேயே போய்விடும். பிகாம் முதல் வருஷத்தில் படிப்பதுதான்: தேய்மானம் போட்டுப் போட்டு புத்தகத்தில் மதிப்பு பூஜ்யத்துக்கு வந்த மெஷின், ஷாப்ஃப்ளோரில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். அதைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்லி எந்த மேனேஜரும் கையெழுத்துப் போட மாட்டார்.

கடையில் லீவரை மாற்றியே ஆக வேண்டும் என்றால், கழற்றிய பழசைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். ஒரு சாயங்காலம் ஸ்ப்ரே அடித்துத் தட்டிப் பார்த்தால், பெரும்பாலும் அது டிக் என்று சொல்லும்.