தச்சரின் பாட்டரியும் தகப்பனாரின் மிதிவண்டியும்



அரியாங்குப்பத்தில் தச்சு வேலை செய்யும் சகோதரர் ஒருவரின் மகன், அஸர் தொழுகைக்குப் பின் என்னைத் தேடி வந்தான். கையில் இரண்டு பாட்டரிப் பெட்டிகள். "ஹஜ்ரத், அத்தாவோட டிரில் மெஷின் போயிடுச்சு, பாட்டரி நல்லாத்தான் இருக்கு. இதை அவங்க சைக்கிள்ல பூட்டினா, முழங்கால் வலியோட புதுச்சேரி வரைக்கும் மிதிக்க வேண்டாமே?" என்றான். கலைப் பட்டதாரியான எனக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு, ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டாரை அழைப்பதோடு சரி. ஆயினும், தந்தைக்காக வந்து நிற்கும் பிள்ளையை வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை. கேட்டும் படித்தும் அறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கலாம்.

'18 வோல்ட்' என்று எழுதிய பெட்டிக்குள் விரல் பருமனுள்ள லித்தியம் அயனி செல்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு 3.6 வோல்ட், ஐந்தைத் தொடராக இணைத்தால் 18. சில பெட்டிகளில் '20 வோல்ட்' என்றிருப்பதும் இதே ஐந்துதான். முழுதாக ஏற்றிய நிலையின் அளவைப் போட்டுக்கொள்கிறார்கள். வியாபாரத் தந்திரம்! மின்மிதிவண்டி மோட்டார்களில் பரவலானது 36 வோல்ட். ஆகவே இரண்டு பெட்டிகளைத் தொடராக இணைத்தால் கணக்குச் சரியாகிறது. பையன் எண்ணியது தவறன்று.

பழைய செல்லில் உயிர் மிச்சமிருக்கும் என்பதற்குச் சான்றும் உண்டு. 2014இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்திய ஆய்வாளர்கள், கழித்துக் கட்டிய மடிக்கணினி பாட்டரிகளின் செல்களைப் பிரித்தெடுத்து, 'உர்ஜார்' என்ற கருவியைச் செய்து, பெங்களூரில் எளியோரிடம் கொடுத்துப் பார்த்தனர். அவர்கள் சோதித்த பாட்டரிகளில் 70 விழுக்காடு, நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓராண்டு எல்.இ.டி. விளக்கெரிக்கப் போதுமானவையாம்.

ஆனால் விளக்கு வேறு, வண்டி வேறு. டிரில் மெஷின் சில நொடிகள் இழுத்துவிட்டு ஓயும். 250 வாட் மோட்டாரோ ஏறத்தாழ ஏழு ஆம்பியர் வீதம் விடாமல் இழுக்கும். தேய்ந்த செல் சூடேறும்.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. மின்சாரம் குறைந்ததும் நிறுத்துகின்ற காவல், பல நிறுவனங்களின் பாட்டரியில் இல்லை, மெஷினில் இருக்கிறது. மெஷினைக் கழற்றினால் காவலும் போயிற்று. மிதிவண்டியின் கன்ட்ரோலர் 30 வோல்ட்டில் நிறுத்தும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டியில் 18, நலிந்த மற்றொன்றில் 12 இருந்தாலும் கூட்டினால் 30தானே? கன்ட்ரோலருக்குக் கூட்டுத்தொகைதான் தெரியும். நலிந்ததன் ஒவ்வொரு செல்லும் 2.4 வோல்ட்டுக்கு இறங்கிக் கெட்டுப்போயிருக்கும். கெட்ட செல்லில் மீண்டும் மின்சாரம் ஏற்றும்போதுதான் தீ பிடிக்க வாய்ப்பு மிகுதி. பிள்ளைகள் உறங்கும் வீட்டில், வாசற்படியருகே, இரவு முழுதும் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.

எனவே, ஒரே வகை, ஒரே வயதுடைய பெட்டிகளாக இருக்க வேண்டும். தனித்தனியே அதனதன் சார்ஜரில் ஏற்ற வேண்டும். இடையில் ஃபியூஸ் வேண்டும். உப்பியதைத் தொடவே கூடாது. சட்டமும் உண்டு: மோட்டார் 0.25 கிலோவாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது.

பையனுடன் மின்பணியாளர் ஒருவரிடம் போனேன். இரண்டு பெட்டிகளையும் நிரப்பி, ஒரே பளுவை ஒரே நேரம் கொடுத்து அளந்தார். ஒன்று 17 வோல்ட்டுக்கு மேல் நின்றது; மற்றது 13க்குச் சரிந்தது. பையனின் முகம் வாடிவிட்டது. புதிதாயினும், ஐந்து ஆம்பியர்-மணிப் பெட்டிகள் இரண்டும் சேர்ந்து 180 வாட்-மணிதான். மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்குப் பத்து வாட்-மணி ஆகும் என்று அவர் கணக்கும் சொன்னார். புதுச்சேரிக்குப் போய்வர அது தாராளம். இந்தப் பழைய ஜோடி, பாதி வழியில் கைவிட்டிருக்கும்.

நலிந்ததைக் குப்பையில் எறியவில்லை. 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள் அதைத் தனியே ஒப்படைக்கச் சொல்கின்றன. நல்ல பெட்டி, அதே நிறுவனத்தின் விளக்கில் பொருந்தி, இப்போது அத்தாவின் பட்டறையில் எரிகிறது. காவல் சுற்றோடு கூடிய 36 வோல்ட் பாட்டரிக்காகப் பையன் காசு சேர்க்கிறான். அதுவரை அத்தாவுக்குப் பேருந்துதான்.