220 வோட் எதற்கு?

சென்ற இதழில் நுண்கடனின் வாராந்தக் கட்டுப்பணம் பற்றி எழுதியதற்குப் பல சகோதரிகள் கடிதம் போட்டிருந்தீர்கள். அவற்றுக்கு அடுத்த மாதம் பதில் தருகிறேன். இம்மாதம் இன்னொரு விடயம் அவசரமாக வந்துவிட்டது.

தருமபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஓர் அக்கா என்னைத் தனியாக மாமரத்தடிக்குக் கூட்டிப்போய், சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்த பொருளொன்றை எடுத்துக் காட்டினார். சவர்க்காரக் கட்டி அளவு, நல்ல பாரம், முன்பக்கத்தில் சின்னத் திரை, மேலே கண்ணாடிக் குடுவை.

“மிஸ், இது தம்பி லண்டனிலயிருந்து திருவிழாவுக்கு வரேக்க இவருக்குக் கொண்டுவந்தது. இதைப் பிடிச்சால் சிகரட்டை விடலாமாம். 220 வோட்டாம். எங்கட வீட்டு லைற்றே 9 வோட்தானே. வாயில வைக்கிற சாமானுக்கு ஏன் அவ்வளவு?”

இலத்திரனியல் சிகரட், எம் பிள்ளைகளின் பேச்சில் ‘வேப்’. அக்காவின் கணவருக்கு 2009 இல் எறிகணை பட்டு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரட். தம்பி கொடுத்த திரவம் ஐந்து நாளில் முடிந்துவிட்டது. அண்ணை மறுபடி சிகரட்டுக்குப் போய்விட்டார். ரவுனில் ஒரு பெடியன் கொழும்பிலிருந்து போத்தல் எடுத்துத் தருகிறேன் என்கிறானாம். அந்த மாதச் சீட்டு அக்காவுக்கு விழுந்திருந்தது. மகளின் உயர்தர ரியூசனுக்கென்று நினைத்திருந்த காசு. அதை இதற்குப் போடலாமா என்பதுதான் கேள்வி.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் படித்தது சமூகவியல். வீட்டுக்கு வந்து சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தைத் தூசி தட்டினேன், எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவரிடமும் கேட்டேன்.

வோட் என்பது ஒரு வினாடியில் செலவாகும் சக்தியின் அளவு. இந்தக் கருவிக்குள் சின்னக் கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. பற்றரி அதைச் சூடாக்க, அதைச் சுற்றியுள்ள பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகிறது. திரவத்தில் பெரும்பங்கு கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்கோலும். அதோடு வாசனை, நிக்கொட்டின். வோட்டைக் கூட்டினால் ஒரே இழுப்பில் அதிக திரவம் ஆவியாகும். புகை போல மேகமாக வரும், சூடாக இருக்கும், வாசனை தூக்கலாகத் தெரியும். கூடிய வோட்டின் வேலை அவ்வளவுதான்.

பிரயோசனமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். நிக்கொட்டின் குறைந்த திரவத்தில், கனக்கச் சிகரட் குடித்த ஒருவருக்குத் திருப்தி வர, மேகம் பெரிதாக வேண்டும். அதற்குப் பெரிய கருவி உதவும். 220 வரை போகக்கூடிய கருவியை 40 இல் வைத்துப் பாவித்தால் அதன் பற்றரிகள் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். 220 இல் வைத்து இழுப்பவர்கள் மிக அருமை. மோட்டார் சைக்கிள் மீற்றரில் 160 என்று எழுதியிருப்பது போலத்தான், எங்கள் குச்சொழுங்கையில் யார் 160 இல் ஓடுகிறார்கள்?

இனி அந்த மேகத்தின் விலை. சிறிய கருவியில் நாளைக்கு இரண்டு மூன்று மில்லிலீற்றர் போதுமான ஒருவருக்குப் பெரிய கருவியில் பத்து மில்லிலீற்றரும் அதற்கு மேலும் போய்விடும். 60 மில்லிலீற்றர் போத்தல் ஒரு கிழமைக்குக் காணாது. அண்ணையின் ஐந்து நாள் கணக்கு அதுதான். கம்பிச்சுருளையும் அடிக்கடி மாற்றவேண்டும். அது எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது?

சூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. தாச்சியில் எண்ணெய் மிஞ்சிக் காய்ந்தால் மூக்கையும் கண்ணையும் எரிக்கும் புகை வருமல்லவா? அதில் அக்ரோலீன் என்ற பொருள் இருக்கிறது. கிளிசரின் அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் அதே அக்ரோலீன் வரும். பஞ்சு காய்ந்து போக வோட் கூடினால் போமல்டிகைட்டும் வரும். அதைத் தண்ணீரில் கரைத்ததுதான் பிரேதம் பழுதாகாமல் போடும் போமலின். 2015 இல் அமெரிக்க மருத்துவ சஞ்சிகையொன்றில் வந்த ஆய்வுக் குறிப்பு, ஒரே கருவியைக் குறைந்த மின்னழுத்தத்தில் வைத்தபோது இது அகப்படவில்லை, கூட்டியபோது அகப்பட்டது என்றது. அவ்வளவு சூட்டில் கருகல் சுவை வரும், யாரும் இழுக்கமாட்டார்கள் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். சண்டை எப்படியோ, சூடு கூடினால் வேண்டாத பொருள் கூடும் என்பதை மறுக்கமுடியாது.

தம்பி பொய் சொல்லவில்லை. பிரித்தானியாவில் சிகரட்டை விட விரும்புகிறவர்களுக்கு இதை அரச சுகாதார சேவையே ஒரு வழியாகக் காட்டுகிறது. அங்கே நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வொன்றில் 886 பேர் சேர்ந்தார்கள். ஒரு வருடம் கழித்துச் சிகரட்டை விட்டிருந்தவர்கள், இலத்திரனியல் சிகரட் பெற்றவர்களில் 18 வீதம். நிக்கொட்டின் ஒட்டுத்துண்டு, சூயிங்கம் போன்றவை பெற்றவர்களில் 9.9 வீதம். ஆனால் அங்கே கொடுத்தது மேகம் விடும் பெரிய சாமான் அல்ல. குறைந்த வலுவுள்ள சிறிய கருவி. இரு பகுதியினருக்கும் குறைந்தது நான்கு கிழமை, கிழமைக்கு ஒருமுறை ஒருவர் இருந்து கதைத்து ஆதரவு கொடுத்தார். கருவியால் விட்டவர்களில் 80 வீதமானோர் ஒரு வருடத்தின் பின்னும் அந்தக் கருவியை விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 

எங்கள் நாட்டில் நிலை வேறு. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 2016 இல் வந்த ஒழுங்குவிதி, புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரட்டைத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடை செய்தது. களவாக வரும் போத்தலில் என்ன இருக்கிறது என்பதற்கு ரவுன் பெடியன் பொறுப்பா நிற்பான்?

அடுத்த நாள் அக்காவின் வீட்டுக்கே போனேன். அண்ணை திண்ணையில் செயற்கைக்காலைக் கழற்றி வைத்துவிட்டு இருந்தார். கால் முனையில் தோல் உரிந்து புண். எத்தனை நாள் என்றால், “ரெண்டு மாசம் இருக்கும் பிள்ளை” என்கிறார். இரவில்தான் கூட நோகுமாம், எழும்பியிருந்து அடுத்தடுத்து மூன்று சிகரட்.

“எனக்கு வோட் ஒண்டும் விளங்காது பிள்ளை. மச்சான் ஆசையாத் தந்தவன். இழுத்தா இருமல்தான் வருது. அதுக்குப் பிறகு ஒரு சிகரட் பத்தினாத்தான் சரி வருது.”

அக்கா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறார் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். புகைப்பவருக்குப் புண் ஆறத் தாமதமாகும் என்று காயத்துக்கு மருந்து கட்டும் எந்தத் தாதியும் சொல்வார். பெரிய கருவி ஒரே இழுப்பில் கனக்க நிக்கொட்டினைக் கொடுக்குமானால், இந்தக் காலுக்கு அது நல்லதாக இருக்கப்போவதில்லை. இதைச் சொன்னபோது அண்ணை ஒன்றும் பேசவில்லை. கால் முனையைத் தடவிக்கொண்டிருந்தார்.

சீட்டுக் காசைத் தொடவேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். சொல்லிவிட்டு வரும்போது எனக்கும் சங்கடம்தான். வேண்டாம் என்று சொல்வது சுலபம், பதிலுக்கு நான் கையில் என்ன கொண்டு போனேன்? லண்டனில் கிழமைக்கு ஒருவர் பக்கத்தில் இருந்து கதைக்கிறார். இங்கே அந்த அக்காதான் எல்லாம். புகைத்தலை விட உதவும் 1948 என்ற தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மூவருமாக ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். செயற்கைக்காலின் குழி தளர்ந்து உரசுகிறது, புண் ஆறியதும் புதிதாக அளவெடுக்கவேண்டும் என்றார்கள். இரவு வலிக்கும் மருந்து கொடுத்தார்கள்.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், பற்றரிகளைச் சில்லறைக் காசோடும் திறப்போடும் பையில் போடவேண்டாம். உலோகம் பட்டு மின் குறுக்காகப் பாய்ந்தால் தீப்பிடிக்கும். 2018 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இப்படியான கருவி வெடித்து ஒருவர் இறந்தார். அதைவிட எனக்குப் பயம் திரவம். பழ வாசனை, வர்ணப் போத்தல்; சின்னப் பிள்ளை கொஞ்சம் குடித்தாலே நஞ்சு.

அக்கா பற்றரி இரண்டையும் கழற்றி, தனித்தனியாகத் துணியில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். தம்பி ஞாயிற்றுக்கிழமை எடுத்து, இப்போது எத்தனை வோட்டில் வைத்திருக்கிறார் என்று கேட்டானாம். அண்ணைக்கு இப்போது நாளைக்கு ஐந்து சிகரட், கால் நோகிற நாளில் ஏழு. மகளின் ரியூசன் காசு கட்டியாயிற்று. புதுக்காலுக்கு அளவெடுக்க அடுத்த மாதம் 2 ஆந் திகதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.