நீல இகுவானா பிழைத்தது. பச்சை இகுவானா வந்தது!

குட்டீஸ், நம்ம ஊர் உடும்பைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே ஜாடையில், முதுகில் சீப்பு வைத்தாற்போல் முட்களோடு, உடம்பெல்லாம் நீலமாக ஒரு பிராணி இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் நீல இகுவானா. ஐந்து அடி நீளம் வரை வளரும். கண்கள் சிவந்திருக்கும். பார்க்கத்தான் பயங்கரம், சாப்பிடுவது பெரும்பாலும் இலை, பூ, பழம்!

இது இயற்கையாக வாழும் இடம் உலகத்திலேயே ஒன்றுதான். கியூபாவுக்குத் தெற்கே, கரீபியன் கடலில் உள்ள கிராண்ட் கேமன் தீவு. சென்னை மாநகரில் பாதிகூட இல்லாத சின்னத் தீவு. அங்கே வீடுகளும் சாலைகளும் பெருகின. நாயும் பூனையும் எலியும் மனிதர்களோடு வந்து சேர்ந்தன. வெயில் காய சாலையில் படுத்த இகுவானாக்கள் வண்டிச் சக்கரத்தில் நசுங்கின. 2002-ல் கணக்கெடுத்தபோது காட்டில் மிஞ்சியிருந்தவை 25-க்கும் குறைவு. உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளைவிடக் குறைவு!

அங்குள்ள தேசிய அறக்கட்டளை இவற்றைக் காப்பாற்ற 1990-லேயே ஒரு திட்டம் தொடங்கியிருந்தது. ஃபிரெட் பர்ட்டன் என்பவர் அதை நடத்தினார். முறை எளிமையானதுதான். தாவரவியல் பூங்காவில் முட்டைகளைப் பொரிக்க வைத்து, குட்டிகளைச் சுமார் இரண்டு வயது வரை கூண்டில் வளர்ப்பது. ஏன் இரண்டு வயது? குட்டியாக இருந்தால் பாம்பு விழுங்கிவிடும். அந்த வயதில் பாம்பின் வாய்க்கு அடங்காத அளவு வளர்ந்துவிடும். பிறகு கழுத்துக்குப் பின்னால் உள்ள முள்ளில் கலர் மணிகளைக் கோர்த்து, பாதுகாக்கப்பட்ட காட்டில் விட்டுவிடுவார்கள். எந்தெந்த நிற மணி என்று பார்த்தால், அது யார் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். நம்ம ரோல் நம்பர் மாதிரி!

நடுவில் ஒரு கொடுமையும் நடந்தது. 2008 மே மாதம் பூங்காவுக்குள் யாரோ புகுந்து தாக்கியதில் ஏழு இகுவானாக்கள் செத்துப்போயின. அப்போதும் அவர்கள் வேலையை விடவில்லை. 2018-ல் காட்டில் விடப்பட்ட இகுவானாக்களின் எண்ணிக்கை 1,000-ஐத் தொட்டது.

அப்பாடா, கதை முடிந்ததா? இல்லை.

மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த பச்சை இகுவானா அதே தீவுக்குள் நுழைந்து பெருகிவிட்டது. நீல இகுவானா ஒரு தடவையில் அதிகம் போனால் 20 முட்டை போடும். பச்சையோ அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு! செடிகளை மொட்டையடித்து, தோட்டங்களை நாசம் செய்தன. 2015 முதல் சில நீல இகுவானாக்கள் ஒரு பாக்டீரியா தொற்றால் இறந்தன. அதே பாக்டீரியா பச்சை இகுவானாக்களிடமும் இருந்தது.

அதனால் 2018 அக்டோபரில் அரசு கடுமையான முடிவெடுத்தது. பச்சை இகுவானாவைப் பிடித்துக் கொல்பவர்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று பணம். சில ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்டன.

ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கொல்வதா என்று நீங்கள் கேட்பீர்கள். பச்சை இகுவானா மேல் ஒரு தப்பும் இல்லை. அது தானாக அங்கே வரவில்லை, மனிதர்கள்தான் கொண்டுபோனார்கள். ஆனால் அதற்கு வாழப் பல நாடுகள் இருக்கின்றன. நீலத்துக்கு அந்த ஒரு தீவுதான். எனக்கும் மனசு கேட்கவில்லை. இருந்தாலும் வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது காட்டில் திரியும் பூனைகள்தான் பெரிய தலைவலி. கூண்டில் வளர்ந்தவை தப்பிவிடும். காட்டிலேயே பொரிக்கும் குஞ்சுகள் தப்புமா? அதனால்தான் ஆய்வாளர்கள் கழுத்தைக் கவனித்துப் பார்க்கிறார்கள். மணி இல்லாத ஒன்று தென்பட்டால், அது பெரும்பாலும் காட்டிலேயே பிறந்து, தானாக வளர்ந்தது என்று அர்த்தம்.